அப்பா ‘சரி’ சொல்லாத பறவை

6 நவ. 98, வெள்ளி

மழை. மூணாவது நாளா. பள்ளிக்கூடம் லீவு. கெமிஸ்ட்ரி டெஸ்ட் தண்ணில போச்சு. எத்தனை தடவை இஸ்திரி போட்டாலும் கெமிஸ்ட்ரி என் மண்டைல சுருக்கமாத்தான் கிடக்கும். நஷ்டம் இல்ல.

குவார்ட்டர்ஸ் படிக்கட்டு முழுக்கத் தவளை. மாடி வீட்டு மாமியோட செருப்புக்குள்ள ஒண்ணு தானாவே போய் உக்காந்துது. சத்தியமா நான் வெக்கல. யாரும் நம்பல. மாலான்னு பேரு, வாலுன்னு பட்டம். ஒண்ணு பெத்தவங்க வெச்சது, இன்னொண்ணு நானா சம்பாதிச்சது.

அம்மா: “ஏட்டி, பதினாறு வயசாவுது. இன்னும் தவளையோட என்ன விளையாட்டு?”

நான்: “நான் எங்கம்மா விளையாடறேன்? அதுதான் என்கூட விளையாடுது.”

கரண்டி பறந்துது. குறி தப்பு.

மதியம் கரண்ட் இல்ல. அப்பா ப்ளான்ட் டூட்டிலேர்ந்து சீக்கிரம் வந்துட்டாரு. ஜன்னல்கிட்ட நின்னு ரொம்ப நேரம் வெளிய பாத்தாரு. “ஞாயித்துக்கிழமை விட்டுரும். கழிக்குப் போவோம்”னாரு.

கழி நடை எங்க வீட்டுப் பண்டிகை. வருஷத்துக்கு ஒண்ணு. முதல் பெருமழை விட்டதும் பாலத்துலேர்ந்து உப்பங்கழி கடல்ல சேர்ற இடம் வரைக்கும் கரையோட நடக்கணும். நானும் அப்பாவும் மட்டும். சேறு, பாம்பு, ‘பொட்டப்பிள்ளைய எங்கெல்லாம் இழுத்துட்டுப் போறீங்க’, இந்த மூணு காரணத்தால அம்மா வர மாட்டா.

சட்டம் ஒண்ணே ஒண்ணு. எதையாவது முதல்ல பாத்தவங்க பேரு சொல்லணும். அடுத்தவங்க தன் கண்ணால மூக்கு, கால், வால் எல்லாம் பாத்துட்டு ‘சரி’ சொல்லணும். சரி வாங்காதது கணக்குல வராது. அப்பாகிட்ட சரி வாங்கறது ரேஷன் கடைல நல்ல அரிசி வாங்கற மாதிரி. போன வருஷம் நான் ராஜாளின்னு கை காட்டினதை, அது வெறும் கள்ளப்பருந்துன்னு ஒத்துக்கற வரைக்கும் வெயில்ல நிக்க வெச்சுட்டாரு.

ஒவ்வொரு வருஷமும் நடுவுல ஒரு பொய்ப் பறவையும் விடுவேன். மரக்கட்டையைக் காட்டி நீர்க்காகம்பேன், கிழிஞ்ச பனியனைக் காட்டி நாரைம்பேன். அப்பா ஒரு தடவைகூட மாட்டினதில்ல. “ஏ வாலு, உன் நாரை காயப்போட்டிருக்கு பாரு”ன்னுட்டு நடப்பாரு.

அவருக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி. பூநாரை. கல்யாணத்துக்கு முன்னாடி பழவேற்காட்டுல பாத்திருக்காராம். நம்ம கழில ஒரு தடவை பாத்துரணும்பாரு. அது இந்தப் பக்கம் தலை வெச்சே படுக்கல.

ஜாமெட்ரி பாக்ஸ்ல பல்லி (ரப்பர்) ரெடி. திங்கள் பள்ளிக்கூடம் திறந்தா உபயோகம்.

8 நவ., ஞாயிறு

வானம் துடைச்சு விட்டாப்ல. காலைல கிளம்பினோம். கழில தண்ணி காபி கலர். கரை தாண்டி முள்ளுக்காட்டுக்குள்ள ஏறி இறங்கின அடையாளம், வைக்கோல், ஒத்தைச் செருப்பு, தெர்மாகோல், செத்த கோழி.

பார்த்தது. (ச) போட்டது அப்பா சரி சொன்னது.

மடையான் (ச). என்னை முறைச்சான். மடையானும் மடச்சியும்.
உள்ளான் கூட்டம் (ச). பேருதான் உள்ளான், எல்லாம் வெளியதான் மேயுது.
நத்தை குத்தி நாரை (ச). வாய் மூடாத ஜாதி. மாடி வீட்டு மாமி.
தண்ணிப்பாம்பு, தலை மட்டும் (ச).
கீரி, குடும்பத்தோட (ச).
சிவப்பு வெல்வெட் பூச்சி, மணல் முழுக்க (ச).
கருப்பு வெள்ளை மீன்கொத்தி (ச).
ஆள்காட்டி. இது அப்பா சொன்னது. நான் சரி சொன்னேன்.
கூழைக்கடா (ச). கூழும் குடிக்கல, கடாவும் இல்ல.

நல்ல நாள்னுதான் நினைச்சேன். நான் சொல்ல சொல்ல சரி, சரின்னுட்டே வந்தாரு. இவ்வளவு தாராளமா என் ஆயுசுல பாத்ததில்ல. போனஸ் மாசம்னு நினைச்சுக்கிட்டேன்.

பாதி வழில வேலிக் கம்பத்துல வெள்ளை பாலிதீன் கவர். வெள்ளத்துல வந்து சிக்கிருக்கு. காத்து அடிச்சா கழுத்து நீட்டற மாதிரி நீண்டுச்சு. இந்த வருஷப் பொய்ப் பறவை கிடைச்சாச்சு.

“அப்பா, கம்பத்து மேல. சின்னக் கொக்கு.”

நின்னாரு. கண்ணை இடுக்கினாரு. ‘ஏ வாலு, உங்காத்தா காய் வாங்குன கவருட்டி அது’ன்னு வரும்னு சிரிப்பை அடக்கிட்டு நின்னேன்.

“சரி”ன்னாரு.

அப்புறம், “கால் கருப்பு, விரல் மட்டும் மஞ்சளா இருக்கு பாத்தியா. அதான் அடையாளம்.”

பதிலுக்கு என்னை ஓட்டறாருன்னு நினைச்சு முகத்தைப் பாத்தேன். ஓட்டல. அப்பா பொய் சொன்னா உதட்டோரம் ஒரு பக்கம் இழுக்கும், இன்னிக்கு இழுக்கல. முகத்துல ஒரு கஷ்டம்தான் இருந்துது. எழுத்துக்கூட்டிப் படிக்கறவங்க முகம் மாதிரி.

காத்து நின்னுது. கொக்கு சுருங்கி கவராச்சு. அப்பா அதைத் தாண்டிப் போயிட்டாரு.

கொஞ்ச தூரத்துல ஒரு அண்ணன் வீச்சுவலையை உதறிட்டிருந்தாரு. அப்பா முன்னாடி நடந்தாரு. திடீர்னு வலைக்கார அண்ணன் கத்தினாரு, “சார், சார்! அப்டியே நில்லுங்க! கரை அரிச்சிகீது, தெர்ல?”

அப்பா காலுக்கு ஒரு அடி முன்னால கரையே இல்ல. புல்லு மட்டும் காத்துல தொங்குது. கீழ சுழிச்சுக்கிட்டு தண்ணி. நான் சட்டையப் பிடிச்சு இழுத்தேன். பட்டன் தெறிச்சுது.

வலைக்கார அண்ணன்: “இன்னா சார், பட்டப்பகல்ல. கண்ண எங்க வெச்சிகினு வர்றீங்க?”

அப்பா சிரிச்சாரு. “பறவைய பாத்துட்டு வந்தேம்ப்பா.”

அங்கேயே திரும்பிட்டோம். கழி முகம் வரைக்கும் போகல. முதல் தடவை.

மேல எழுதின லிஸ்ட்டை இப்பத் திரும்பப் பாக்கறேன். எல்லாம் நான் சொன்னது. அவரா சொன்னது ஆள்காட்டி மட்டும்தான். அது கத்துச்சு.

9 நவ., திங்கள்

தூறல். பள்ளிக்கூட வேன் வரல. அப்பா ஸ்கூட்டர்ல கொண்டு விட்டாரு.

ரோட்டு நடுவுல எருமை. ரொம்பத் தூரத்துலேர்ந்தே தெரியுது, ஓடி வரல, பாயல, தார் கலர்ல தார் ரோட்டுல நிக்குது. நான் பின்னாடி உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன். இப்ப ப்ரேக் பிடிப்பாரு, இப்ப பிடிப்பாரு. பிடிக்கல.

“அப்பா, எருமை!”

வண்டி வழுக்கி ஓரத்துச் சேத்துல நின்னுது. எருமை திரும்பிக்கூடப் பாக்கல.

“எங்கேருந்துட்டி வந்துச்சு இது?”னாரு.

“குறுக்க ஓடி வந்துதுப்பா”ன்னேன்.

பொய் சொல்றது எனக்குப் புதுசில்ல. ஆனா சொல்லிட்டு சிரிப்பு வராதது இதான் முதல் தடவை.

ரப்பர் பல்லியை வெளிய எடுக்கவே இல்ல. பக்கத்து பெஞ்ச் நஸ்ரின் என் நெத்தியத் தொட்டுப் பாத்தா. “இன்னாடி, ஜுரமா?”

11 நவ., புதன்

வெயில், மேகம், வெயில். செவரெல்லாம் ஓதம்.

ஒரு காரியம் செஞ்சேன். எழுதவே நல்லால்ல. அப்பா சேர்ல போன வாரத்துப் பேப்பரை வெச்சேன். இன்னிக்குப் பேப்பரை பாய்க்கு அடில ஒளிச்சேன். எடுத்தாரு. ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சாரு. ஒவ்வொரு பக்கமா புரட்டினாரு, படிக்கறவங்க எவ்வளவு நேரம் எடுப்பாங்களோ அவ்வளவு நேரம் எடுத்து. மடிச்சு வெச்சாரு.

அம்மா: “என்ன போட்டிருக்கு?”

அப்பா: “மழைதான். வேறென்ன.”

அப்பாவுக்கு சுகர் இருக்கு. பத்து வருஷமா. அவங்க அப்பாவுக்கும் இருந்துது. திருநெல்வேலில நான் சின்னப் பிள்ளைல பாத்திருக்கேன், தாத்தா செவத்தைத் தடவிக்கிட்டே பாத்ரூம் போவாரு. அவர் கை போன உயரத்துல செவத்துல ஒரு அழுக்குக் கோடு. அதைப் பத்தி அப்பா ஒரு தடவைகூடப் பேசினதில்ல.

ப்ளான்ட்ல அப்பா வேலை மீட்டர் பாத்துச் சொல்றது. வருஷா வருஷம் கண் டெஸ்ட் உண்டு, ஜனவரில. தேறலன்னா நாற்காலி வேலைக்கு மாத்திருவாங்கன்னு அவரே ஒரு தடவை சொல்லியிருக்காரு. ‘நாற்காலி’ன்னு சொன்னப்ப அதை ஆஸ்பத்திரிக் கட்டில்னு சொல்ற மாதிரி சொன்னாரு.

அம்மாகிட்டச் சொல்லலாம். அம்மா கேட்டா அழுகை பிளாக் முழுக்கக் கேக்கும். அப்புறம் அப்பா எங்க முகத்தை வெச்சுப்பாரு?

அதுக்குள்ள புதுத் தலைவலி. ஞாயித்துக்கிழமை செங்கல்பட்டுல பெரியம்மா பொண்ணுக்கு வளைகாப்பு. அம்மா பட்டுப்புடவை, அப்பா ஸ்கூட்டர், திருக்கழுக்குன்றம் ரோடு. மழைல குழியும் ரோடும் ஒண்ணாத் தெரியற ரோடு. எதிர்ல மணல் லாரி வர்ற ரோடு.

இன்னிக்கு ஜோக் எதுவும் வரல. யோசிச்சும் பாத்தேன்.

14 நவ., சனி

காலைல மழை, சாயங்காலம் காஞ்சுது.

நஸ்ரின் வீட்டுக்குப் போனேன். அவ அண்ணனுக்கு ரோட்டு மேல டூவீலர் ஒர்க்‌ஷாப். அவ சைக்கிள் ஓட்டக் கத்துக்கறதுக்கு முன்னாடியே ஸ்பேனர் சைஸ் சொன்னவ.

“ஒரு ஸ்கூட்டர் ஓடக்கூடாது. ஆனா கெடவும் கூடாது. என்ன பண்ணணும்?”

“யார் வண்டியடி நாஸ்தி பண்ணப் போற? பி.டி. மாஸ்டருதா?” கண்ணெல்லாம் மின்னுது அவளுக்கு.

“எங்கப்பாவுது.”

“அய்ய. இன்னாத்துக்கு?”

சொன்னேன். கவர், எருமை, பேப்பர். சிரிக்கல அவ. கொஞ்ச நேரம் தாவணி நுனியச் சுத்திக்கிட்டே இருந்தா.

“ஸ்பார்க் ப்ளக்கக் கயட்டிடு. ரெண்டு நிமிசம். அது இல்லாங்காட்டி எட்டி எட்டி உதச்சாலும் வண்டி கம்முனு கெடக்கும்.” அப்புறம் மெதுவா, “சொல்லிட வேண்டியதுதானடி?”

“எப்டிடி சொல்றது?”

“தெர்ல.”

ஆறு மணிக்கு அம்மா மல்லிப்பூ கட்டிட்டிருந்தா. அப்பா ரேடியோ கேட்டுட்டிருந்தாரு. ஸ்கூட்டர் பக்க மூடியத் திறந்து, டிக்கிலேருந்த ஸ்பேனராலயே கழட்டினேன். கை கருப்பாச்சு. இதுவரைக்கும் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பண்ணியிருக்கேன், அப்பா வண்டில கை வெச்சதில்ல.

ப்ளக் ஜாமெட்ரி பாக்ஸ்ல. பல்லிக்குப் பக்கத்துல.

15 நவ., ஞாயிறு

இருட்டிக்கிட்டு, ஆனா மழை இல்ல.

அம்மா பட்டுப்புடவைல, கைல சீர்த்தட்டுப் பை. அப்பா ஸ்கூட்டரை உதைச்சாரு. உதைச்சாரு. ஒரு பக்கமாச் சாய்ச்சுப் பிடிச்சு திரும்ப உதைச்சாரு. நெத்தில வேர்வை. நான் வாசப்படில பல் தேய்ச்சுக்கிட்டே நின்னேன். தேய்ச்ச பல்லையே திரும்பத் தேய்ச்சேன்.

பக்க மூடியத் திறந்தாரு. குனிஞ்சு பாக்கல. கையத்தான் விட்டாரு. விரல் தேடிச்சு. நின்னுது.

அப்படியே கொஞ்ச நேரம் குத்துக்கால் போட்டு உக்காந்திருந்தாரு. அப்புறம் தலைய என் பக்கம் திருப்பினாரு. என்னைப் பாத்தாரா, நான் இருக்கற திசையப் பாத்தாரான்னு தெரியல.

அம்மா: “என்னங்க ஆச்சு?”

அப்பா: “வண்டி சரியில்ல. பஸ்ல போவோம்.”

அம்மா: “பட்டுப்புடவையோட பஸ்லயா? ஊரே பாக்கும்.”

அப்பா: “பாக்கட்டும். பாக்கத்தானே கட்டுன.”

போயிட்டாங்க. நான் சாப்பிடல.

சாயங்காலம் திரும்பி வந்தாங்க. அம்மா முகம் கழுவப் போனா. அப்பா நான் படிக்கற மேஜைகிட்ட வந்து கைய நீட்டினாரு.

“ஜாமெட்ரி பாக்ஸ்தானே?”

எடுத்துக் குடுத்தேன். பல்லியும் கூட வந்துது. ரெண்டையும் விரலால தடவிப் பாத்து, பல்லியத் திருப்பிக் குடுத்தாரு.

“எப்பலேருந்துட்டி தெரியும்?”

“போன ஞாயித்துக்கிழமை. கொக்கு.”

“எந்தக் கொக்கு?”

“கம்பத்து மேல இருந்ததுப்பா. அது பாலிதீன் கவர்.”

அடி விழுந்திருந்தாக்கூட அப்படி ஆகியிருக்காது அவருக்கு. கட்டில்ல உக்காந்தாரு.

“கவருக்கா சரி சொன்னேன்?”

நான் தலைய ஆட்டினேன். அப்புறம்தான் உறைச்சுது, ஆட்டினாத் தெரியாதோன்னு. “ஆமா”ன்னேன்.

“மஞ்ச விரல்னு வேற சொன்னேன்.” உதட்டோரம் இழுத்துது. அப்புறம் நின்னுடுச்சு. “நீ கொக்குன்னு சொன்ன. கொக்குன்னா விரல் மஞ்சளாத்தானே இருக்கும்னு சொன்னேன்.”

“ஏம்ப்பா டாக்டர்கிட்டப் போகல?”

“எங்கப்பாவ செவத்தோரமா நடக்கவிட்டு, நான் பின்னாலயே போயிருக்கேன். எனக்கே தெரியுது, கருப்பா நூல் நூலா நீந்துது, நடுவுல மங்குது. ஆனா ஒரு டாக்டர் பாத்துட்டு ஆமான்னு சொல்லிட்டா, ஆமாதானே? யாரும் சரி சொல்லாத வரைக்கும் கணக்குல வராதுல்ல.”

எங்க சட்டம். எங்க சட்டத்தையே வெச்சு ஒளிஞ்சிருந்திருக்காரு.

“அம்மாவ பின்னால உக்கார வெச்சுட்டுப் போறதா இருந்தீங்க”ன்னேன். குரல் உடைஞ்சுது. என் குரல் அப்படிப் போகும்னு எனக்கே தெரியாது.

எழுந்தாரு. சட்டைப் பையிலேருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து மேஜை மேல இருந்த ஜாமெட்ரி பாக்ஸுக்குள்ள வெச்சாரு. அடுக்களைக்குப் போனாரு. கதவு சாத்தல. அவர் பேசினது கேக்கல. அம்மா பேசினது மட்டும் கேட்டுது.

“அதான் ரெண்டு மாசமா சட்டை பட்டனை மாத்தி மாத்திப் போட்டுட்டு வாரீங்க. வயசாவுதுன்னுல்ல நினைச்சேன்.”

பிளாக் முழுக்கக் கேக்கும்னு நினைச்ச அழுகை வரல. குழாய் திறந்த சத்தம். ரொம்ப நேரம் ஓடிச்சு.

17 நவ., செவ்வாய்

மப்பு. பள்ளிக்கூடத்துக்கு மட்டம், அம்மாவே சொன்னா.

செங்கல்பட்டு கண் டாக்டர். மூணு பேரும் பஸ்ல. சொட்டு மருந்து விட்டு உக்கார வெச்சாங்க. அப்பா கண்ண மூடி, சாஞ்சு, கைய மடில வெச்சு. அப்படி சும்மா உக்காந்து நான் பாத்ததில்ல.

டாக்டரம்மா லைட் அடிச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. உள்ள ரத்தம் கசிஞ்சிருக்காம். சுகர். “இன்னும் முன்னாடியே வந்திருக்கணும் சார்.” மெட்ராஸ்ல லேசர் வெக்கணும், அடுத்த வாரமே. வலது கண் கொஞ்சம் தேவலையாம். இடது கண்ணுக்கு வாக்குக் குடுக்க முடியாதாம். “இருக்கறதைக் காப்பாத்தத்தான் லேசர். போனது வருமான்னு அப்புறம்தான் பாக்கணும்.”

அம்மா: “வேலைக்குப் போலாமா டாக்டர்?”

“மொதல்ல கண்ணு. அப்புறம் வேலை. வண்டி ஓட்டவே கூடாது.”

அப்பா: “வண்டில ப்ளக் இல்ல டாக்டர்.”

டாக்டரம்மாவுக்குப் புரியல. அம்மாவுக்கும் புரியல. எனக்குச் சிரிப்பு வந்துது.

பஸ்ல அப்பா ஜன்னலோரம். ஏரி வந்துது, தண்ணி ரோட்டைத் தொட்டுக்கிட்டு நிக்குது. அவர் கேக்கல. நானாவும் சொல்லல. கொஞ்சம் தாண்டினதும் கேட்டாரு, “ஏரில என்ன இருக்கு?”

“நீர்க்காகம். கம்பு மேல. ரெக்கைய விரிச்சு காயப்போட்டிருக்கு.”

“நிஜமா?”

“நிஜமா.”

இவ்வளவு நாள் விட்ட பொய்ப் பறவைங்க எல்லாம் வந்து என் மடில உக்காந்த மாதிரி இருந்துது. இனிமே ஒண்ணு விட்டாலும் பிடிக்க ஆள் கிடையாது.

20 நவ., வெள்ளி

தூறல். அப்பா ஆபீஸ்ல லெட்டர் குடுத்துட்டாரு. கண்ணு விஷயம், லீவு. வந்து சட்டையக் கழட்டி மாட்டினாரு. “சொல்லியாச்சு”ன்னாரு. அவ்வளவுதான்.

கெமிஸ்ட்ரி டெஸ்ட் நடந்தே போச்சு. நானும் நடந்தே வந்துட்டேன். நஸ்ரின் கைல ரப்பர் பல்லிய ஒப்படைச்சேன். “நெசமாவா?”ன்னா. கடன்தான்னேன்.

22 நவ., ஞாயிறு

மழை இல்ல. மெலிசா வெயில். செவ்வாய் மெட்ராஸ்.

அப்பா எழுந்ததும், “போன தடவை கழி முகம் வரைக்கும் போகலல்ல”ன்னாரு. நான் அம்மாவப் பாத்தேன். அம்மா புடவைய முழங்காலுக்கு ஏத்திச் சொருகினா. “செருப்பக் கைல எடுத்துக்கலாமா, கால்லயே போட்டுக்கணுமா?”

அம்மா வந்தா! சேறு, பாம்பு எல்லாத்தையும் மீறி.

அப்பாவோட இடது பக்கம் அம்மா, முழங்கையப் பிடிச்சுக்கிட்டு. நான் ரெண்டடி முன்னால, கரைய மிதிச்சுப் பாத்துக்கிட்டு. தண்ணி இறங்கிருக்கு. காபி கலர் போய் டீ கலர். கம்பத்துல கவர் இன்னும் இருக்கு. “அதுவா?”ன்னு கேட்டாரு. எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டேன். படபடங்குதுல்லன்னாரு.

இன்னிக்கு அவர் காதால சொன்னது: ஆள்காட்டி, மீன்கொத்தி, வால்காக்கை. மூணுக்கும் நான் தேடிக் கண்டுபிடிச்சு மூக்கு, கால், வால் பாத்துத்தான் சரி சொன்னேன். சும்மா சொல்லல.

நான் சொன்னதுக்கு, மடையான், உள்ளான், ஒரு உடும்பு, எதுக்கும் அவர் சரி சொல்லல. “ம்”னாரு.

கழி முகம். மணல்திட்டுக்கு அந்தப் பக்கம் ஆழமில்லாத தண்ணி. அதுல ஒரு வெளிர்க்கோடு. உப்புப் படிஞ்சிருக்குன்னு நினைச்சேன். அப்புறம் உப்பு ஒண்ணு தலையத் தூக்கிச்சு.

குச்சிக் கால். பாதில மடங்கின மூக்கு. தலைகீழாக் கவுத்து தண்ணிய அலசுது. ஒண்ணு ரெக்கைய விரிச்சுது, உள்ள ரோஸும் கருப்பும்.

எனக்குப் பேச்சு வரல. எனக்கு!

“அப்பா.”

“என்னட்டி?”

“பூநாரை.”

நின்னுட்டாரு. என் பக்கம் திரும்பினாரு. “பொய்ப் பறவையா?”

“இல்லப்பா.”

அம்மா: “ஆமாங்க, ரோஸ் கலரு. காலு என்னங்க இவ்வளவு ஒல்லியா! சாப்பாடு கெடைக்கலையா அதுகளுக்கு?”

அப்பா நெத்தில கைய வெச்சு மறைச்சுப் பாத்தாரு. தலைய இந்தப் பக்கம் சாய்ச்சு, அந்தப் பக்கம் சாய்ச்சு. ஒரு கண்ணை மூடி. தண்ணிக்குள்ள முழங்கால் வரைக்கும் இறங்கினாரு, அம்மா கைய விடல, புடவையோட கூடவே இறங்கினா. ரொம்ப நேரம். நான் மனசுக்குள்ள, சொல்லிடுங்கப்பா, சொல்லிடாதீங்கப்பா.

“வெள்ளையா ஒரு கோடு தெரியுது. அவ்வளவுதான்”னாரு.

அப்புறம்: “சரி சொல்ல மாட்டேன்ட்டி. நான் பாக்கல.”

அம்மாவுக்குக் கோவம். “பிள்ளை ஆசையாச் சொல்லுதா. சரின்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“அப்படிச் சொல்லக் கூடாதும்மா”ன்னேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். காத்துல மணல்.

அப்பா கரையேறினாரு. வேட்டியப் பிழிஞ்சாரு. “எத்தனை நாள் இருக்கும் இதுக?”

“பங்குனி வரைக்கும் இருக்கும்னு நீங்கதானே சொல்வீங்க.”

“அப்ப இருக்கச் சொல்லு. செவ்வாக்கிழமை லேசர் வெச்சுட்டு வந்து பாக்கேன்னு சொல்லு.”

கைய வாய்ல குவிச்சேன். அம்மா என் வாயப் பொத்தினா. “ஏட்டி, கத்தினா பறந்துரும்!”

அதனால மெதுவாச் சொன்னேன்.

பார்த்தது:
ஆள்காட்டி (ச)
மீன்கொத்தி (ச)
வால்காக்கை (ச)
மடையான்
உள்ளான்
உடும்பு
பூநாரை (    )

அதுக்கு மட்டும் வெறும் அடைப்புக்குறி போட்டிருக்கேன். உள்ள இடம் விட்டு.